இரண்டு விரல் அகலம்

எங்கள் கழுதையின் பேர் மேனேஜர். யாரையும் குத்திக்காட்ட வைத்த பேர் இல்லை. நடக்கச் சொன்னால் நம்மை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பான், கொஞ்சம் யோசிப்பான், தோன்றினால் நகருவான். வாங்கி வந்த அன்றைக்கே என் பெண்டாட்டி, "உங்க ஏஜென்சி மேனேஜரு மாதிரியே நிக்கறானே" என்றாள். பேர் ஒட்டிக்கொண்டது.

நான் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். எனக்கு ஒதுக்கியிருப்பது மேட்டுக் குடியிருப்பு. மேலே போகத் தெரு கிடையாது, படிக்கட்டுதான். வண்டி ஏறாது, சைக்கிள் ஏறாது, ஏஜென்சியில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனும் ஏற மாட்டான். மேனேஜர் ஏறுவான், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிலிண்டரோடு. அப்படி ஏறி ஏறி, வார் உரசி, அவன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண் வந்துவிட்டது.

"இவன்மேல இனி பாரம் ஏத்தினீங்க, நடக்கறதே வேற" என்றாள் பெண்டாட்டி. குழந்தை இல்லாத வீடு எங்களுடையது. மேனேஜரை அவள் 'அது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் மேனேஜர் உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் அடுப்பும் உட்கார்ந்துவிடும். சீக்கிரம் ஆறவேண்டும் என்றுதான் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் விலங்குப் புண் ஒப்பாய்வு நிறுவனத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இலவசம் என்று யாரோ சொன்னார்கள். சொன்னவன் இப்போது எதிரில் வந்தால் பேசிக்கொள்கிறேன்.

பெரிய கட்டிடம். பினாயில் வாசனை அடிக்கும் நீளமான தாழ்வாரம், சுவரில் கண்ணாடி அலமாரி, அலமாரி நிறையப் பரிசுக் கோப்பைகள். நாங்கள் போய் நின்றதுமே இயக்குநர் தன் அறையிலிருந்து தானே எழுந்து வந்தார். மேனேஜரின் முதுகைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அருமையான புண்ணுங்க" என்றார். "வட்டம் பாருங்க, காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி. ஓரம் பிசிறே இல்லை. எங்களுக்கு வர்றதெல்லாம் கோணல்மாணலா வரும்."

பக்கத்து அறைகளிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டார். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற மாதிரி ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

"பேரு?"

"மேனேஜர் சார்."

"உங்க பதவியைக் கேக்கலை. கழுதை பேரு."

"அதான் சார்."

இயக்குநர் முகம் மாறியது. அந்த நிறுவனத்துக்கென்று ஒரு மேனேஜர் இருந்தார். அவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார், புண்ணைப் பார்க்க வந்தவர்களில் ஒருவராக. அதனால் எங்கள் மேனேஜரை 'வட்டப்புண் கழுதை' என்று பதிந்துகொண்டார்கள். அவர் போன பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று மேனேஜரின் காதில், "கோவிச்சுக்காதே" என்று சொன்னேன்.

"என்ன மருந்து சார் போடுவீங்க?" என்று கேட்டேன்.

"மருந்து போடறது ஆஸ்பத்திரி வேலை" என்றார் இயக்குநர். "நாங்க ஒப்பிடறோம். நாலு கிருமிநாசினி இருக்கு. ஒண்ணு அயோடின், பழுப்பா இருக்கும். ஒண்ணு ஊதா மருந்து. ஒண்ணு ரோஸ் கலர்ல வரும், குளோர்ஹெக்சிடின்னு பேரு. நாலாவது வெறும் உப்புத் தண்ணி. தோல்ல வர்ற புண்ணை இதுல எது சீக்கிரம் ஆத்துதுன்னு கண்டுபிடிக்கணும். போன தடவை செஞ்ச ஆய்வை மேலிடத்துல தூக்கிக் குப்பையில போட்டுட்டாங்க. ஏன்னு கேளுங்க."

"ஏன் சார்?"

"கலரை வச்சே இது இன்ன மருந்துன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சாம். தெரிஞ்சா பாரபட்சம் வந்துரும். அதனால இந்தத் தடவை நாலு பாட்டில்லயும் ஒரே நீலச் சாயத்தைக் கலந்துட்டோம். இப்ப மருந்து போடறவருக்கு எது என்னன்னு தெரியாது. அளக்கறவருக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. நம்பினா நம்புங்க, இந்த நிறுவனத்துல யாருக்கும் எதுவுமே தெரியாது."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நான் நம்பினேன்.

புண் ஆறியது என்று நிறுவனம் அளந்து சொல்லும்வரை விலங்கு அங்கேயே இருக்கும், உரிமையாளர் தொடக் கூடாது, வாரம் ஒரு நாள் வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மேனேஜரைக் கொட்டகையில் கட்டினார்கள். அவனுக்கு ஒரு பக்கம் குதிரை, இன்னொரு பக்கம் ஒரு நாய். நாய் சுருண்டு படுத்திருந்தது. அதற்குப் பேரே நூல்கண்டுதானாம். தனியாக இருக்கும் ஒரு தையல்கார அக்காவின் நாய். காலில் கம்பி கிழித்து ஒரு கீறல், அவ்வளவுதான்.

"இது இல்லாம மிஷின் ஓட்டவே பிடிக்கலை தம்பி" என்றாள் அக்கா. "நான் பெடலை மிதிச்சா, அது என் பாதத்து மேலதான் தலையை வச்சுத் தூங்கும்."

அங்கே வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் பிறகு நான் சொல்வதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். மருந்து போட ஒரு பிரிவு, அளக்க ஒரு பிரிவு. இரண்டும் ஒன்றோடொன்று பேசக் கூடாது. பேசினால் பாரபட்சம். மருந்துக்காரருக்கு ஒரு விதி: புண் முழுக்கவும், புண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கும் மருந்து போடவேண்டும். ஓரத்தில் கிருமி தங்கக் கூடாதல்லவா, நல்ல விதிதான். அளவை அதிகாரிக்கும் ஒரு விதி: மருந்து போட்ட இடத்தைக் கழுவக் கூடாது, தொடக் கூடாது, கண்ணுக்குத் தெரியும் எல்லையை அளக்கவேண்டும். அளந்ததும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். அந்தக் கோடுதான் புண். மருந்துக்காரர் பிறகு வந்து, கோட்டைப் பார்த்து, அதற்கும் வெளியே இரண்டு விரல் வைத்துப் பூசுவார்.

நான் முதல் வாரம் போனபோது மேனேஜர் முதுகில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நீலம்.

"லேசாப் பரவியிருக்கு" என்றார் அளவை அதிகாரி, டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "ஆரம்பத்துல அப்படித்தான்."

அடுத்த வாரம் அது தாம்பாளமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் நீலம் விலா எலும்புகளைத் தாண்டி வயிற்றுப் பக்கம் இறங்கியிருந்தது. மேனேஜர் வைக்கோலை மென்றுகொண்டு நின்றான். வலியில் இருப்பவனாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றேன் அளவை அதிகாரியிடம். "நீங்க புண்ணை அளக்கறீங்களா, சாயத்தை அளக்கறீங்களா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படிக்காதவன் மேல் படித்தவனுக்கு வருகிற பரிதாபம் அது, கோபம்கூடப் பரவாயில்லை. "இங்க பாருங்க, நீலம் இருந்தா அங்க மருந்து இருக்கு. சரியா? மருந்து இருந்தா அங்க புண் இருக்கணும். புண் இல்லாத இடத்துல மருந்து போட நாங்க என்ன பைத்தியமா?"

இதற்கு மேல் நான் என்ன கேட்பது. அவர் சொன்னதில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை. வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் யோசித்தேன், அப்போதும் தெரியவில்லை.

இதற்கிடையே வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. சிலிண்டரை நானே தோளில் ஏற்றிப் படியேறினேன். மேனேஜர் ஏன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யோசிப்பான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தோல் உரிந்து என் தோளில் ஒரு புண் வந்தது. பெண்டாட்டி உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினாள், சுருக்கென்றது, நாலைந்து நாளில் காய ஆரம்பித்தது. ஆறுவதற்குள் ஒரு நாள் நிறுவனத்துக்குப் போனபோது இயக்குநர் என் சட்டைக் காலருக்குள் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அது என்ன தோள்ல?"

"ஒண்ணுமில்லை சார்."

"ஓரம் நல்லா வந்திருக்கே. விலங்குகளுக்கு மட்டும்னுதான் விதி. ஆனா விதியைத் திருத்தக்கூடாதுன்னு விதி இல்லை."

அன்றிலிருந்து கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டுதான் அந்த வாசலை மிதித்தேன்.

பிறகு முன்னேற்ற நாள் என்று ஒன்று வந்தது. உரிமையாளர்களை எல்லாம் கூப்பிட்டு, கொட்டகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பிஸ்கட். எங்களுக்கு முன்னால் வரிசையாக எங்கள் பிராணிகள் நின்றன. முதுகு மட்டும் நீலமாய் ஆடு, கன்றுக்குட்டி, பாதி நீலமாய் மேனேஜர். கோடியில் குதிரை, அதன் தொடையில் மட்டும் ஒரு ஜன்னல் அகலத்துக்கு நீலம். நூல்கண்டு மூக்கு நுனியைத் தவிர மீதி முழுக்க நீலம். அக்காவைப் பார்த்ததும் வாலை ஆட்டிய ஆட்டில் பக்கத்துத் தூணெல்லாம் நீலம் தெறித்தது. உடனே அளவை அதிகாரி எழுந்து தூண் பக்கம் போக, இயக்குநர் கண்ணைக் காட்டி உட்கார வைத்தார்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நாலு மருந்துல எது சிறந்ததுன்னு தெரிய ஆரம்பிச்சிருச்சு. மூணாம் பாட்டில். மூணாம் பாட்டில் போட்ட விலங்கோட உடம்புல இன்னிக்குப் புண் எவ்வளவு தெரியுமா? பத்துல ஒரு பங்குகூட இல்லை. ஒண்ணாம் பாட்டில் போட்ட விலங்குக்கு உடம்பு முழுக்கப் புண். வித்தியாசத்தை நீங்களே பாருங்க."

பார்த்தோம். மூணாம் பாட்டில் போட்டது குதிரைக்கு. ஒண்ணாம் பாட்டில் போட்டது நூல்கண்டுக்கு.

ஆட்டுக்காரர் எழுந்து, "ஐயா, குதிரை உடம்பு பெருசு, நாய் உடம்பு சின்னது" என்று ஆரம்பித்தார்.

"உருவத்தை வச்சு ஏத்தத்தாழ்வு பாக்கறது இந்த நிறுவனத்துல கிடையாது" என்றார் இயக்குநர். முன்வரிசையில் இருந்த அவருடைய ஆட்கள் கை தட்டினார்கள். தட்டத் தட்ட நாங்களும் தட்டினோம். ஏன் தட்டினோம் என்று இன்றைக்கும் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆட்டுக்காரரும் தட்டினார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் அக்காவைத் தனியாக அழைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உடம்பில் பாதிக்கு மேல் புண் என்றால் அந்த விலங்கைக் கருணையோடு விடுவித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதாம். நூல்கண்டு பாதியை எப்போதோ தாண்டிவிட்டது, முன்னேற்ற நாளுக்காகத்தான் வைத்திருந்தார்களாம்.

"விடுவிக்கிறதுன்னா வீட்டுக்கு அனுப்பறதா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"வலியில இருந்து விடுவிக்கறதும்மா. ஒரு ஊசிதான். அதுக்கே தெரியாது."

"அதுக்கு வலிக்கற மாதிரி இல்லையே சார். நல்லா சாப்பிடுது. என்னைப் பார்த்தா வாலாட்டுது."

"உடம்பு முழுக்கப் புண்ணோட ஒரு நாய் வாலாட்டுதுன்னா, நரம்பு தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம். படிச்சவங்க சொல்றோம், கேட்டுக்கோங்க."

அக்கா கேட்டுக்கொண்டாள். எங்களில் யார்தான் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அந்த இடம் காலியாக இருந்தது. தரையில் மட்டும் வட்டமாக ஒரு நீலத் தடம், சுருண்டு படுத்த இடம். அக்கா அப்போதும் வந்திருந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள். கையில் நூல்கண்டுக்கு எடுத்துவரும் ரொட்டி இருந்தது. அதைக் கம்பி வழியாக மேனேஜருக்கு நீட்டினாள். அவன் யோசிக்காமல் வாங்கித் தின்றான். அவன் யோசிக்காமல் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அன்றைக்கே அளவை அதிகாரி என்னிடம் வந்தார். "உங்களுதும் பாதி தாண்டிருச்சு. கடைசி அளவும் எடுத்தாச்சு. நாளைக்கு மதியம் விடுவிப்பு."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள்.

"உடம்பெல்லாம் என்னமோ பூசி வச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே, இன்னும் அப்படியேவா இருக்கான்?"

"ஆமா."

"அப்படியே அனுப்ப மாட்டேன். போற பிள்ளையைக் குளிப்பாட்டித்தான் அனுப்பணும். யாரு தடுக்கறாங்கன்னு நானும் பாக்கறேன்."

மறுநாள் காலையில் பக்கெட், துணி துவைக்கிற சோப்பு, தேங்காய் நார் மூன்றையும் எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். அந்தக் கட்டிடத்துக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். இயக்குநரிடம் நேரே போய், "அவனைக் குளிப்பாட்டணும்" என்றாள்.

தொடக் கூடாது என்பார், விதியைக் காட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அளவை அதிகாரியைப் பார்த்தார். அளவை அதிகாரி தலையை ஆட்டினார். "கடைசி அளவு எடுத்தாச்சுன்னா இனிமே அது எங்க புள்ளிவிவரம் இல்லைம்மா. உங்க கழுதைதான். தாராளமாக் குளிப்பாட்டுங்க" என்றார் இயக்குநர்.

கொட்டகைக் குழாயடியில் மேனேஜரைக் கட்டினோம். தையல்கார அக்காவும் வந்து நின்றாள். பெண்டாட்டி தண்ணீர் ஊற்றினாள், சோப்பைப் போட்டாள், புண் நோகுமே என்று முதலில் மெதுவாகத்தான் தடவினாள். நீலம் வழிந்தது. மேனேஜர் காதை ஒருமுறை அடித்துக்கொண்டு சும்மா நின்றான். அவள் கை நின்றது. மறுபடி ஊற்றினாள். இப்போது நாரை எடுத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க."

போய்ப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் தோல் நன்றாக இருந்தது. விலாவில் நன்றாக இருந்தது. கழுத்தில், காலில், எல்லா இடத்திலும் நம்முடைய பழைய சாம்பல் நிறக் கழுதைதான். முதுகில் அந்தப் பழைய புண் இருந்த இடத்தை விரலால் தேடினேன். உள்ளங்கை அகலத்துக்குப் புதுத் தோல் மூடி, அதன் மேல் வெள்ளையாகக் குச்சி குச்சியாய் முடிகூட முளைத்துவிட்டது. எப்போதோ ஆறிப்போன புண். பெண்டாட்டி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நானும்தான்.

சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார், பின்னாலேயே அளவை அதிகாரியும்.

"புண் எங்க?" என்றார் இயக்குநர். தன் பொருளைக் காணாதவர் மாதிரி கேட்டார்.

"ஆறிடுச்சு சார்."

"எப்ப ஆறுச்சு?"

"அதைத்தான் சார் உங்களைக் கேக்கணும்."

அவர் அளவை அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். "கடைசி அளவு எடுத்தாச்சே" என்றார் அளவை அதிகாரி. "அதுல பாதிக்கு மேல புண் இருக்கு. அதுக்கப்புறம் ஆறினா அது நம்ம கணக்குல வராது."

இயக்குநர் முகம் தெளிந்தது. குனிந்து, தரையில் கிடந்த சோப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அப்படின்னா ராத்திரி பாதி உடம்புக்குப் புண். காலையில இதைத் தேய்ச்சதும் ஒண்ணும் இல்லை. நம்ம நாலு பாட்டிலும் செய்யாததை இது ஒரே குளியல்ல செஞ்சிருக்கு." அவர் கண் பளபளத்தது. "அஞ்சாவது கிருமிநாசினி. அம்மா, இது என்ன சோப்பு? இந்தக் கழுதையை இன்னும் ஒரே ஒரு வாரம் விட்டுட்டுப் போங்க. முதுகுல சின்னதா ஒரு புண் மட்டும் பண்ணிக்கறோம், அதே இடத்துல, அதே வட்டத்துல."

பெண்டாட்டி கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். "கிட்ட வந்து பாருங்க" என்றாள். அவர் வரவில்லை.

அதுவரை ஓரமாக நின்ற தையல்கார அக்கா அப்போது கேட்டாள். குரல் உயரவில்லை.

"சார், என் நாயையும் குளிப்பாட்டியிருந்தா?"

அளவை அதிகாரி டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் கையிலிருந்த சோப்பை இன்னொரு முறை முகர்ந்தார்.

"அப்படி ஒப்பிட முடியாதும்மா" என்றார். "உங்க நாய்க்குப் போட்டது வேற பாட்டில்."

அக்கா தலையை ஆட்டினாள். குனிந்து பக்கெட்டை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். நிறைந்ததும் சோப்பை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு கன்றுக்குட்டி கட்டியிருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். "அதுக்குக் கடைசி அளவு எடுக்கலை, அதைத் தொடக் கூடாது" என்று அளவை அதிகாரி ஓடினார். அதற்குள் அரை முதுகு வெளுத்துவிட்டது.

மேனேஜர் இப்போது மறுபடி படியேறுகிறான். புது வார், அடியில் கனமான மெத்தை, அக்கா தைத்துக் கொடுத்தது. நிறுவனத்தின் வாசலில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள்: வளாகத்துக்குள் சோப்பு கொண்டுவரத் தடை. உள்ளே போகிற ஒவ்வொருவரின் கையையும் பையையும் பார்க்கிறார்கள். அதனால் அக்கா எங்கள் எல்லாருக்கும் சட்டைக்கு உள்பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறாள், சரியாக ஒரு சோப்பு அகலத்துக்கு. ஆட்டுக்காரருக்கு, கன்றுக்குட்டிக்காரருக்கு, அங்கே விலங்கே இல்லாத எனக்கும். பார்வை நாளில் நாங்கள் தவறாமல் போகிறோம். பார்வை நாளில் மட்டும் புண்கள் சட்டென்று சுருங்குகின்றன என்று நிறுவனம் கண்டுபிடித்திருக்கிறது. உரிமையாளரின் பார்வைக்குக் கிருமிநாசினிக் குணம் உண்டா என்று அடுத்த ஆய்வாம். அதற்கு அலமாரியில் இப்போதே ஒரு கோப்பை வந்துவிட்டது.

யாரும் பார்க்காத நேரத்தில் கம்பியைத் தாண்டிப் போய், நாங்கள் அவசர அவசரமாகத் தேய்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அக்கா மட்டும் கிளம்ப மாட்டாள். நீலமெல்லாம் போய், தண்ணீர் தெளிவாக ஓட ஆரம்பித்த பிறகும் அவள் அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். போதும் அக்கா, எல்லாம் ஆறிடுச்சு என்று யாராவது கையைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும்.